வன்னியில் மரத்தால் மாடிக் கட்டடம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நோர்வேயின் பேர்கன் நகரில் இருக்கும் என் மச்சான் ஒருநாள் ஒரு படம் அனுப்பினான். மரச்சட்டத்தில், மொடியூலர் முறையில் எழுந்து நிற்கும் 14 மாடிக் குடியிருப்பு. கீழே ஒரு வரி: "இதை ஊரில் கட்டலாமா?" அதைக் குடும்ப வாட்ஸ்அப்பில் போட்டது என்னுடைய பிழை. அன்றிலிருந்து கிளிநொச்சி, மாங்குளம், புதுக்குடியிருப்பு என்று கேள்விகள் வந்துகொண்டே இருக்கின்றன. கட்டட வேலையில் இருப்பவன் என்பதால் பதில் சொல்லும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. திரும்பத் திரும்பச் சொன்னவற்றை இங்கே ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன்.

மர வீடு எங்களுக்குப் புதிதா? பலகை அடித்த வீடு எத்தனையோ பார்த்திருக்கிறோமே?

பலகை அடித்த வீடு வேறு, இது வேறு. இங்கே பலகை சுவரை மூடுவதற்கு மட்டும் இல்லை. சுவரும் தளமும் அதுவேதான், மேல்மாடியின் பாரத்தைத் தாங்குவதும் அதுதான்.

முக்கியமான பொருள் இரண்டு. முதலாவது குறுக்கடுக்குப் பலகை. தொழிலில் சீ.எல்.ரீ. என்பார்கள். உலர்த்திய பலகைகளை ஒரு வரிசை நீளமாக, அடுத்த வரிசை அதற்குக் குறுக்காக, இப்படி 3, 5 அல்லது 7 அடுக்கு வைத்துப் பசை போட்டு அழுத்தி எடுப்பது. மரம் நார் ஓடும் திசையில் பலமானது, குறுக்குத் திசையில் விரியும், சுருங்கும், வெடிக்கும். அடுக்குகளை மாற்றி மாற்றி வைத்தால் ஒன்றை ஒன்று பிடித்துக்கொள்ளும். 1990களில் ஒஸ்திரியா, ஜேர்மனிப் பக்கம் வளர்ந்த முறை இது. இரண்டாவது குளுலாம். பலகைகளை எல்லாம் ஒரே திசையில் அடுக்கி ஒட்டிய உத்தரம், தூண்.

ஐந்தடுக்கு, 14 முதல் 16 சென்ரிமீற்றர் தடிப்புள்ள ஒரு பலகை வீட்டுத் தளமாக 4 முதல் 5 மீற்றர் வரை நடுவில் தூண் இல்லாமல் போகும். எங்கள் அறைகளுக்கு இது தாராளம்.

"மொடியூலர்" என்கிறீர்கள். அந்தப் பொருத்து வீடு மாதிரித்தானே?

இந்தக் கேள்வி கட்டாயம் வரும் என்று தெரியும். வன்னியில் "பொருத்து" என்ற சொல்லைச் சொன்னாலே முகம் மாறும். மறந்தவர்களுக்காகச் சொல்கிறேன். வடக்கு கிழக்கில் 65,000 இரும்புப் பொருத்து வீடுகள் கொடுக்கப்போவதாக 2015, 2016 காலத்தில் ஒரு திட்டம் வந்தது. ஒன்றின் விலை ஏறக்குறைய 21 இலட்சம் ரூபாய். அதற்குச் சற்று முன்புதான் இந்திய வீட்டுத்திட்டத்தில் குடும்பத்துக்கு ஐந்தரை இலட்சம் கொடுத்து, சனம் தானே நின்று புளொக் கல்லில் வீடு கட்டி முடித்திருந்தது. அப்போது ஊரில் எழுந்த கேள்விகள் நல்ல கேள்விகள். இந்த வெக்கைக்கு இரும்புச் சுவர் என்னவாகும்? பிறகு ஒரு அறை கூட்டிக் கட்டலாமா? பழுதானால் யார் திருத்துவது? காசு எங்கே போகிறது? எதிர்ப்பு வலுத்தது, திட்டம் சொன்னபடி நடக்கவில்லை.

இனி விஷயத்துக்கு வருகிறேன். மொடியூலர் என்பது கட்டும் முறையின் பெயர். அதில் இரும்பும் வரும், கொங்கிறீட்டும் வரும், மரமும் வரும். மரத்தில் இரண்டு வகை இருக்கிறது. ஒன்று பெட்டி முறை. அறையைத் தரை, சுவர், கூரை, குளியலறைக் குழாய், கரண்ட் வயர் எல்லாவற்றோடும் தொழிற்சாலையில் முடித்து, லொறியில் கொண்டுவந்து ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குவது. மற்றது பலகை முறை. சுவரும் தளமும் தனித்தனியாக, யன்னல் ஓட்டை உட்பட வெட்டி வரும். வளவில் வைத்துப் பூட்டுவார்கள்.

பொருத்து வீட்டைப் பற்றி அன்று கேட்ட அதே கேள்விகளை மரக் கட்டடத்திடமும் கேட்கத்தான் வேண்டும். அறை கூட்டலாமா என்றால், பலகை முறையில் கூட்டலாம். ஆனால் எல்லாச் சுவரும் பாரம் தாங்குவதால், புதுக் கதவுக்கு வெட்டுவதென்றால் முதலில் பொறியியலாளர் பார்க்கவேண்டும். பெட்டி முறையில் இது இன்னும் கஷ்டம்.

உண்மையாகவே 14 மாடியா? எவ்வளவு உயரம் வரை போயிருக்கிறார்கள்?

அமெரிக்காவின் மில்வாக்கியில் 2022இல் முடிந்த "அசென்ற்" 25 மாடி, 86.6 மீற்றர். நோர்வேயின் "மியோஸ்தோர்னெ" 18 மாடி, 85.4 மீற்றர், 2019. சுவீடனின் ஷெலெஃப்தியோவில் 2021இல் திறந்த கலாசார மையத்தில் 20 மாடி விடுதி இருக்கிறது. அறைகளை மரப் பெட்டிகளாகச் செய்து, இரண்டு மரக் கோபுரங்களுக்கு நடுவில் அடுக்கியிருக்கிறார்கள்.

மச்சான் அனுப்பியது "த்ரே" என்ற கட்டடம். அந்தச் சொல்லுக்கு அர்த்தமே "மரம்". 2015இல் முடிந்தது, 62 வீடுகள். வீட்டுப் பெட்டிகளை எஸ்தோனியாவில் செய்து கொண்டுவந்தார்கள். இதில் எனக்குப் பிடித்தது அடுக்கிய விதம். 14 பெட்டியை ஒரேயடியாக ஒன்றன்மேல் ஒன்று வைத்தால் கீழ்ப்பெட்டி நசுங்கும். அதனால் நாலு மாடி அடுக்கியதும் ஐந்தாவது மாடியை வெளியே நிற்கும் பெரிய குளுலாம் சட்டத்தோடு சேர்த்துப் பலப்படுத்தி, மேலே ஒரு கொங்கிறீட் தட்டுப் போட்டார்கள். அடுத்த நாலு அதன்மேல் ஏறியது. பத்தாவது மாடியில் அதையே திரும்பச் செய்தார்கள். கீழே இருப்பவர் மேலே உள்ள எல்லாரையும் சுமப்பதில்லை.

கொங்கிறீட் தட்டுக்கு இன்னொரு வேலையும் உண்டு. மரக் கட்டடம் பாரம் குறைவு, உயரமானால் காற்றில் ஆடும். மியோஸ்தோர்னெயிலும் மேலே உள்ள ஏழு மாடிகளின் தளம் கொங்கிறீட்தான், பாரத்துக்காகவே போட்டது. ஆகவே "முழுக்க மரம்" என்று யாராவது சொன்னால் கொஞ்சம் கழித்துக் கேளுங்கள்.

தீப்பிடித்தால்?

எல்லாரும் முதலில் கேட்பது இதைத்தான். என் மனதில் இதற்கு மூன்றாவது இடம்.

அடுப்பில் சுள்ளி பற்றுவது மாதிரி ஒரு பாலைக் குற்றி பற்றாது, வன்னியில் இதை யாருக்கும் விளக்கத் தேவையில்லை. தடித்த மரம் எரியும்போது வெளிப்பக்கம் கரியாகிறது. அந்தக் கரி உள்மரத்துக்குப் போர்வை மாதிரி. மென்மரத்தில் கரி உள்ளே போகும் வேகம் நிமிடத்துக்கு ஏறக்குறைய 0.65 மில்லிமீற்றர். ஒரு மணித்தியாலத்துக்கு 4 சென்ரிமீற்றர் போகும் என்று கணக்கு வைத்து, அவ்வளவு தடிப்பை முதலிலேயே கூட்டிவிடுவார்கள். இரும்பு எரியாது, ஆனால் 550, 600 பாகை வெப்பத்தில் பலம் பாதியாகிவிடும். அதனால்தான் மரத்தைப் பூட்டும் இரும்புத் தட்டுகளையும் போல்ட்டுகளையும் மரத்துக்குள் ஆழமாகப் புதைத்து வைக்கிறார்கள்.

இவ்வளவும் கணக்கு. எங்கள் நிலைமை வேறு. 2016 செப்டெம்பரில் கிளிநொச்சிச் சந்தை எரிந்தபோது தீயணைப்பு வண்டி யாழ்ப்பாணத்திலிருந்து வரவேண்டியிருந்தது. நோர்வேயில் ஒரு மணித்தியாலம் போதுமென்றால், இங்கே நான் இரண்டு மணித்தியாலத்துக்கு வரைவேன். படிக்கட்டைக் கொங்கிறீட்டில்தான் வைப்பேன்.

கறையான்?

இதுதான் முதலாம் இடம்.

2010இல் மீளக்குடியேறியபோது எங்கள் வீட்டுக்கு மலிவு மரத்தில் ஒரு கதவு நிலை போட்டோம். வெள்ளைப் பெயின்ற் அடித்து அழகாக இருந்தது. மூன்றாவது மாரியில் அம்மா கையை ஊன்றினார், கை உள்ளே போனது. பெயின்ற் மட்டும் நின்றது, உள்ளே மரம் இல்லை, மண். பக்கத்து வளவில் பழைய முதிரை நிலை வெயிலிலும் மழையிலும் கிடந்து ஒன்றும் ஆகாமல் இருந்தது. எந்த மரம் என்பதில் எல்லாம் மாறிவிடும். ஐரோப்பாவில் பலகை செய்வது பெரும்பாலும் ஸ்புரூஸ் என்ற மென்மரத்தில். அது எங்கள் கறையானுக்கு விருந்துச் சோறு.

கறையான் நிலத்திலிருந்து ஈரத்தோடு ஏறும், வெளிச்சம் பிடிக்காது, அதனால் மண்கூடு கட்டிக்கொண்டு வரும். இந்தப் பழக்கத்தை வைத்துத்தான் அதைத் தடுக்கலாம். என் யோசனை எளிது. கீழ்மாடி முழுவதும் புளொக் கல்லும் கொங்கிறீட்டும், மரம் முதலாம் மாடியிலிருந்து தொடங்கட்டும். அப்போது கறையான் மூன்று மீற்றர் சுவரில் கண்ணுக்குத் தெரியக் கோடு போட்டுக்கொண்டு ஏறவேண்டும். மாதம் ஒருமுறை விளக்குமாற்றோடு சுற்றி வந்தால் போதும். கொங்கிறீட்டுக்கும் மரத்துக்கும் நடுவே வெளியே கொஞ்சம் நீட்டி வளைத்த உலோகத் தகடு ஒன்று வைப்பார்கள். அத்திவாரம் போடும்போது மண்ணுக்கு மருந்து. பலகைகளுக்கு, ஒட்டுவதற்கு முதலே, போரன் மருந்து. போரன் மழையில் கழுவுப்பட்டுப் போகும் என்பதால் அது உள்மரத்துக்கு மட்டும்தான் சரி.

இவ்வளவையும் செய்துவிட்டு, சுவரோடு சேர்த்து விறகு அடுக்கினால் எல்லாம் வீண். எங்கள் வீடுகளில் விறகு எங்கே அடுக்குவோம் என்று உங்களுக்குத் தெரியும்.

முன்னோர் இதைத் தெரிந்தேதான் செய்தார்கள் என்று நினைக்கிறேன். நெல்லுக் கொம்பறையைக் காலில் தூக்கி வைத்தார்கள், கீழே குனிந்து பார்க்க இடம் விட்டார்கள்.

மாரி மழையும் வெள்ளமும்?

இரண்டாம் இடம். பலகை தொழிற்சாலையை விட்டு வரும்போது அதில் ஈரம் 12 வீதம் அளவில் இருக்கும். 20 வீதத்தைத் தாண்டி நிலைத்து நின்றால் பூஞ்சணம் பிடிக்கும், பிறகு உளுக்கும். நனைவதில் பெரிய மோசமில்லை, நனைந்தது காய வழியில்லாமல் போவதுதான் மோசம். ஆகவே கூரைத் தாழ்வாரம் அகலமாக இருக்கவேண்டும், ஒரு மீற்றருக்குக் குறையக் கூடாது. வெளிச்சுவரில் மழைப் பலகைக்குப் பின்னால் காற்றோட ஒரு இடைவெளி வேண்டும்.

அதைவிடக் கள்ளத்தனமானது குளியலறை. மழை தெரிந்து வரும். குழாய்ப் பூட்டில் ஒழுகும் சொட்டுத் தண்ணீர் இரண்டு வருடம் சத்தமில்லாமல் தளத்தைத் தின்னும். எங்களைப் போல வெக்கையும் ஈரமுமான சிங்கப்பூரில், நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் 2023இல் "கையா" என்ற ஆறு மாடி மரக் கட்டடத்தைத் திறந்தது. 43,500 சதுர மீற்றர், வடிவமைப்பு ஜப்பானியக் கட்டடக்கலைஞர் தொயோ இத்தோ. அங்கேயும் குளியலறைகளும் நிலத்தளமும் வெளிப்படிகளும் கொங்கிறீட். அவர்களே அப்படிச் செய்தால், நாங்கள் வாளி வாளியாக ஊற்றிக் குளிக்கும் ஆட்கள்.

கட்டும் காலம் மாசியிலிருந்து புரட்டாசிக்குள் முடியவேண்டும். ஐப்பசியில் திறந்த பலகையோடு நின்றால் தறப்பாள் பிடித்தே ஆட்கள் களைத்துவிடுவார்கள். தறப்பாளோடு வன்னிச் சனம் பட்டது போதும். வெள்ளத்தைப் பொறுத்தவரை, 2018 டிசம்பரில் கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் தண்ணீர் எங்கே நின்றது என்று ஊரில் கேட்டு, அந்தக் கோட்டுக்கு மேலே மரத்தை வையுங்கள்.

எங்கள் மரத்திலேயே செய்யலாமே? பாலை, முதிரை இருக்கிறதே?

ஆசை நியாயமானது. ஆனால் இந்தத் தொழில்நுட்பத்துக்கு வேண்டியது கெதியாக வளரும், நேரான, பாரம் குறைந்த மரம். எங்கள் காட்டு மரங்கள் எல்லாம் அதற்கு நேர் எதிர். பாலை தண்ணீரில் தாழும், ரெயில் பாதைக்குச் சிலிப்பர் கட்டையாகப் போட்ட மரம் அது. ஆணி அடிக்கவே முதலில் துளை போடவேண்டும், பசை எப்படி ஊறும்? முதிரையும் கருங்காலியும் வளர எடுக்கும் காலத்தை நினைத்தால் அவற்றை அடுக்குப் பலகைக்கு வெட்டுவது பாவம். காட்டு மரம் தறிக்கவும் ஏற்றவும் சட்டமும் அனுமதியும் இருக்கின்றன, அதுவும் நல்லதுக்குத்தான்.

பனை? வெளிவைரம் இரும்பு மாதிரி, உள்ளே சோறு. சலாகைக்கும் வளைக்கும் அதைவிட நல்லது இல்லை, பலகையாக ஒட்ட உதவாது. வன்னியில் பங்கர் மூடவே எத்தனை பனை போனது. மிச்சத்தை விட்டுவிடுவோம்.

யோசிக்கக்கூடியது தேக்கு. முல்லைத்தீவு மாவட்டத்தில் தேக்கந்தோட்டங்கள் இருக்கின்றன. தோட்டத்தை ஐதாக்கும்போது வெட்டும் சிறிய மரங்களிலிருந்து குளுலாம் செய்வது நடக்கக்கூடிய காரியம். தேக்கில் எண்ணெய்த்தன்மை இருப்பதால், சீவிய கையோடு ஒட்டவேண்டும், சீவி வைத்துவிட்டு நாளைக்கு வரலாம் என்றால் பிடிக்காது. இளந்தேக்கின் வெள்ளைப் பகுதியைக் கறையான் விடாது, அதற்கும் மருந்து வேண்டும்.

பாரம் குறைவென்றால் புயலுக்குத் தூக்கிக்கொண்டு போகாதா?

கட்டி வைக்காவிட்டால் போகும். பலகை ஒரு கன மீற்றர் 450 முதல் 500 கிலோ, கொங்கிறீட் 2,400. கொங்கிறீட் வீடு தன் பாரத்திலேயே குந்தியிருக்கும். மர வீட்டை மேலிருந்து அத்திவாரம் வரை இரும்புக் கம்பியால் இழுத்துக் கட்டவேண்டும். ஒவ்வொரு சுவர் மூலையிலும் கீழே பிடிக்கும் இரும்புக் காலணி, ஒவ்வொரு மாடிக்கும் நடுவில் பூட்டு. 1964 டிசம்பர்ப் புயல் மன்னார்ப் பக்கத்தால் போய்த் தனுஷ்கோடியை அழித்த கதையை அப்பு சொல்லக் கேட்டிருப்பீர்கள். அப்படி ஒரு காற்றுக்குத்தான் இந்தப் பூட்டுகளைக் கணக்குப் பண்ணவேண்டும். தகரக் கூரைக்கு மேலே மண்மூட்டை வைக்கும் வேலை இங்கே எடுபடாது.

நோர்வேயிலிருந்து ஒரு பெட்டியைக் கொண்டெய்னரில் அனுப்பவா?

இது மச்சானின் கேள்வி. அனுப்பாதே.

40 அடிக் கொண்டெய்னரின் உள் அகலம் 2.35 மீற்றர். அந்த அகலத்தில் அறை செய்தால் அது விறாந்தை. அகலமான பெட்டியைத் தனிக் கப்பலில் கொண்டுவந்தாலும், கொழும்பிலிருந்து ஏ9 பெருவீதி வரைக்கும் ஒரு மாதிரி வந்துவிடும். அதற்குப் பிறகு உள்வீதி, குறுகிய மதகு, தாழ்ந்து தொங்கும் கரண்ட் வயர், குறுக்கே ஒரு புளியங்கொப்பு. பெட்டியைத் தூக்கப் பெரிய கிறேனும் வேண்டும்.

பலகை என்றால் கதை வேறு. 2.3 மீற்றர் அகலம், 6 மீற்றர் நீளம், 14 சென்ரிமீற்றர் தடிப்புள்ள பலகை ஏறக்குறைய ஒரு தொன் வரும். கிறேன் பூட்டிய சிறிய பூம் லொறி தூக்கிவிடும். அதே அளவு கொங்கிறீட் நாலரைத் தொன்னைத் தாண்டும். வன்னிக்குச் சரிவருவது பலகை முறை என்று நான் சொல்வதற்கு இதுவே பெரிய காரணம்.

எங்கள் மேசன்மாராலும் ஓடாவிமாராலும் முடியுமா?

முடியும், ஆனால் சண்டை ஒன்று வரும். லண்டனின் மறே குறோவில் 2009இல் ஒன்பது மாடிக் கட்டடம் ஒன்று எழும்பியது. கீழ்மாடி கொங்கிறீட், மேலே எட்டு மாடி மரம். அந்த எட்டையும் நாலு ஓடாவிமார் 27 வேலை நாளில் பூட்டி முடித்தார்கள். அப்படி ஓடுவதற்குக் காரணம் பலகை இரண்டு மூன்று மில்லிமீற்றர் பிசகுக்குள் வெட்டுப்பட்டு வருவது. எங்கள் அத்திவாரத்தில் ஒரு அங்குலம் ஏறி இறங்கினால் "பூச்சில எடுக்கலாம்" என்று மேசன் சொல்வார். இங்கே பூச்சு இல்லை, எடுக்க முடியாது. கீழே ஒரு அங்குலம் பிசகினால் மூன்றாம் மாடியில் பலகைகள் ஒன்றோடொன்று முட்டாது.

ஆகவே பயிற்சி முதலில் வேண்டியது மேசனுக்கு. ஓடாவிக்கு ஏற்கெனவே மில்லிமீற்றர் பழக்கம்.

வெக்கை, சத்தம்?

வெக்கைக்கு நல்லது. மரம் கொங்கிறீட்டைவிடப் பத்து மடங்குக்கு மேல் வெப்பத்தைத் தடுக்கும். பின்னேரம் சுவரில் கை வைத்தால் சுடாது. சத்தத்துக்கு அவ்வளவு நல்லதல்ல. மேலே பிள்ளை ஓடினால் கீழே கேட்கும். தளத்தின்மேல் இறப்பர் விரிப்பும் அதற்குமேல் 5 சென்ரிமீற்றர் சாந்தும் போட்டால் பெரும்பாலும் அடங்கும்.

செலவு?

இன்றைக்கு, புளொக் கல்லைவிடக் கூட. பலகைக்கும் பூட்டுக்கும் டொலரில் காசு கட்டவேண்டும். 2022இல் சீமெந்து மூட்டை மூவாயிரம் ரூபாய் அளவுக்கு ஏறியபோது பலர் மாற்று வழி தேடினார்கள். ஆனால் அதே நெருக்கடியில் டொலரும் ஏறியது. இலாபம் மிச்சமாகும் நேரத்திலும், பாரம் குறைவதால் சிறிதாகும் அத்திவாரத்திலும்தான் வரும், தனி வீட்டில் அது பெரிதாகத் தெரியாது.

அனுமதி?

பிரதேச சபையில்தான் தொடக்கம். கல்வீட்டுப் பிளானைப் பார்த்துப் பழகிய மேசையில் இதை வைக்கும்போது, தகுதியுள்ள பொறியியலாளரின் தீக் கணக்கும் காற்றுக் கணக்கும் கையோடு இருக்கவேண்டும். இல்லாவிட்டால் கோப்பு அங்கேயே தூங்கும்.

அப்ப, வன்னியில் என்னதான் கட்டலாம் என்கிறீர்கள்?

தனி வீடு வேண்டாம். 14 மாடி வேண்டவே வேண்டாம், நிலம் இல்லாத ஊருக்குத்தான் உயரம் தேவை. நான் கட்ட விரும்புவது மூன்று மாடி விடுதி. அறிவியல் நகரில் பொறியியல் பீடம் இருக்கிறது, பிள்ளைகள் கிளிநொச்சி முழுக்க வாடகை அறை தேடி அலைகிறார்கள். ஒரே அளவு அறை முப்பது நாற்பது என்றால்தான் இந்த முறை காசுக்குப் பலன் தரும். கீழ்மாடி கொங்கிறீட்டில்: சாப்பாட்டு அறை, சைக்கிள், மோட்டார்ச் சைக்கிள். மேலே இரண்டு மாடி பலகை. படிக்கட்டும் குளியலறைகளும் ஒரு பக்கத்தில் தனிக் கொங்கிறீட் கோபுரமாக, மரத்தைத் தொடாமல். மரம் எப்படி இருக்கிறது என்று மாதாமாதம் அளந்து பார்க்கப் பொறியியல் மாணவர்களே மேலே குடியிருப்பார்கள்.

போன கிழமை ஒரு தாளில் கீறிப் பார்த்தேன். அறை 2.3 மீற்றர் பலகைக்கு இரண்டு பலகை அகலம், 4.6 மீற்றர், இரண்டு கட்டிலும் மேசைகளும் போகும். மச்சானுக்குப் படம் எடுத்து அனுப்பினேன். "பல்கனி எங்கே?" என்று கேட்கிறான்.